நாலு சாண் தீவு

1. மழை ஓய்ந்த முதல் வாரம் எங்கள் ஆபீசுக்கு ஓர் ஏஜெண்டு வந்தார். இந்து மகா சமுத்திரத்திலுள்ள ஒரு தீவின் படத்தைப் பெரிதாக வரைந்து, தமிழில் எழுதித் தர வேண்டும் என்றார்.
2. ஆபீசில் தமிழ் எழுதத் தெரிந்தவள் நான் ஒருத்திதான். வேலை என்னிடம் வந்தது.
3. ஒன்பது நாளில் முடித்தேன்.
4. அவர் அதை ரங்கூன் லான்மடாவில் தம் கடைச் சுவரில் மாட்டினார்.
5. என் அக்காவின் கணவர் அதைப் பார்த்தார். மூன்று நாள் தொடர்ந்து போய்ப் பார்த்தார்.
6. நாலாம் நாள், வியாழக்கிழமை, கையெழுத்துப் போட்டார். தமக்கும் அக்காவுக்கும் சேர்த்து.
7. அக்காவுக்கு அப்போது ஐந்தாம் மாதம்.
8. அடுத்த புதன்கிழமை கப்பல்.

இப்படி எண் போட்டு எழுதினால் எல்லாம் நிதானமாக நடந்ததுபோல் தெரிகிறது. உண்மையில் அந்த வாரம் எங்கள் வீட்டில் யாரும் ஓரிடத்தில் உட்காரவில்லை. தவறு விழுந்தது மூன்றாம் எண்ணில். நான் முடித்த வேலையில்.

நான் டிரேசர். சர்வேயர்கள் அளந்து கொண்டுவரும் படங்களின்மேல் மெல்லிய துணியைப் பரப்பி மையால் பிரதி எடுப்பதும், சிறிய படத்தைக் கட்டம் போட்டுப் பெரிதாக்குவதும் என் வேலை. மிஷன் பள்ளிக்கூடத்தில் டிராயிங் பரீட்சை தேறி, இரண்டு வருஷம் பயிற்சியில் இருந்து, அதன்பிறகு ஜன்னலோரம் ஒரு மேசை கிடைத்தது. அப்பா அம்மா இல்லை. அக்காவோடும் அத்தானோடும் பபேடான் பேட்டையில் மூன்றாம் மாடியில், ரயில் பெட்டி போல் நீண்ட ஒரு வீட்டில் இருந்தேன். அக்கா பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்குக் கவுன் தைப்பாள். அத்தான் லான்மடா பக்கத்துக் கப்பல் ஜெட்டியில் விஞ்ச்மேன். கப்பலிலிருந்து மூட்டை இறக்கும் விஞ்சை ஓட்டுபவர். பதினோரு வருஷம் அதே விஞ்ச். அவர் உட்கார்ந்து சாப்பிட்டு நான் பார்த்தது குறைவு. கையில் தட்டோடு ஜன்னலுக்கும் கதவுக்கும் நடந்துகொண்டே சாப்பிடுவார்.

எங்கள் ஆபீசின் தலைமை டிராஃப்ட்ஸ்மேன் பர்மியர். எல்லாரும் ஸயா என்று கூப்பிடுவோம். பர்மாவில் வாத்தியாரும் ஸயாதான், வைத்தியரும் ஸயாதான், மேலாளும் ஸயாதான். கோபக்காரர். ஆபீஸ் பெயர் கெடக்கூடாது என்பது ஒன்றுதான் அவருக்குப் பேச்சு. தம் கையால் விதிகள் எழுதிய ஓர் அட்டையைச் சுவரில் அடித்திருந்தார். இந்தக் கதைக்கு வேண்டியவை அதில் மூன்று.

ஒன்று: ஓரம் மூன்று விரல். மீதி முழுவதும் நிலம். வெறும் கடலுக்குக் காகிதம் செலவழிக்காதே.

இரண்டு: அளவுகோல் வலது கீழ் மூலையில், ஆங்கிலத்தில்.

மூன்று: வெளியே போன படத்தில் தவறு தெரிந்தால், வரைந்தவரே போய், படம் இருக்கும் இடத்திலேயே, சிவப்பு மையில் திருத்திக் கையெழுத்து வைக்க வேண்டும். யாரையும் கேட்க வேண்டியதில்லை.

மூன்றாவது விதி நான் சேர்ந்த பிறகு ஒருமுறைகூட நடக்கவில்லை.

ஏஜெண்டு கொடுத்தது உள்ளங்கை அளவுள்ள ஓர் அச்சுப் படமும், பென்சிலால் எழுதிய ஒரு தாளும். படத்தில் ஒரே ஒரு தீவு, சற்றே வளைந்த வெள்ளரிக்காய் போல். தாளில் தலைப்பு: சேஷல்ஸ் தீவுகள். அதன்கீழ் மூன்று பகுதி. பூமி: தென்னை நிறைந்தது, காற்று நல்லது, புலி இல்லை, விஷப்பாம்பு இல்லை. ஜனங்கள்: கறுப்பரும் வெள்ளையரும் கலந்த கிறிஸ்தவர்கள், சண்டை சச்சரவு அறியாதவர்கள், நம்மவர் கடைகளும் உண்டு. அரசாங்கம்: இங்கிலீஷ் சர்க்கார், கவர்னர், கோர்ட்டு, தபாலாபீஸ், டாக்டரோடு ஆஸ்பத்திரி.

கூலி ஆட்களைக் கடல் தாண்டி அனுப்புவதற்கு அப்போது கெடுபிடி அதிகம் என்றும், அதனால் தொழில் தெரிந்தவர்களை, விஞ்ச்மேன், தச்சர், படகோட்டி என்று பார்த்து எடுப்பதாகவும் அவர் ஸயாவிடம் சொன்னது காதில் விழுந்தது. நான் கட்டம் போட ஆரம்பித்திருந்தேன். எனக்கு அந்த வேலை பிடித்திருந்தது. மாதக்கணக்காக வயல் எல்லைகளும் சாக்கடைக் குழாய்களும் வரைந்த கைக்கு ஒரு கடற்கரை கிடைத்திருந்தது. தீவைச் சுற்றிப் பவளப் பாறைகளுக்குச் சிறு சிறு குத்துக்கோடுகள் இட்டேன். மூன்று விரல் ஓரம் விட்டுக் காகிதம் நிறையத் தீவை வைத்தேன். தலைப்பைத் தடித்த எழுத்தில் எழுதினேன். அளவுகோலை வலது கீழ் மூலையில், ஆங்கிலத்தில், எறும்பளவு எழுத்தில். எல்லாம் விதிப்படி.

வியாழக்கிழமை சாயங்காலம் அத்தான் தட்டோடு நடந்தபடி சொன்னார்:

"மேப்புக்காரம்மா, உன் எழுத்து முத்து முத்தா இருக்கு."

"எந்த எழுத்து அத்தான்?"

"லான்மடால மாட்டியிருக்காங்களே, தீவு. பக்கத்துல நின்னவன்கிட்ட, இது எங்க வீட்டுப் பொண்ணு போட்டதுன்னேன். போய்யா, பொம்பளப் புள்ள மேப்பு போடுமாங்கிறான்."

"அதுக்கா மூணு நாளா அந்தப் பக்கம் போனீங்க?" என்றாள் அக்கா.

"அதுக்கு மட்டுமில்ல." அவர் ஜன்னல் வரை போய்த் திரும்பினார். "கையெழுத்துப் போட்டுட்டேன். நம்ம ரெண்டு பேருக்கும். புதன்கிழமை கப்பல். மதராஸ் போய், ரயில்ல பம்பாய், அங்கேருந்து ஆப்பிரிக்கா போற கப்பல்ல தீவு. ரெண்டு வருஷம். தங்கச்சி மிஷன் ஆஸ்டல்ல இருந்துக்கலாம்."

அக்கா கரண்டியைக் கீழே வைத்தாள். "யாரு அந்த ரெண்டு பேரு? நீங்களும் நானுமா, நானும் வயித்துல இருக்கிறதுமா?"

"அங்க டாக்டர் இருக்காருடி. சர்க்கார் ஆஸ்பத்திரி இருக்கு. நானா சொல்றேன்? உன் தங்கச்சியே எழுதியிருக்கா. கேளு அவளை."

இரண்டு பேரும் என்னைப் பார்த்தார்கள்.

"எழுதியிருக்கேன்" என்றேன். அது உண்மை.

"ஊரு எவ்ளோ பெருசு தெரியுமா? பக்கத்துலயே ரங்கூன் படமும் மாட்டியிருக்கு, அதே அளவு காகிதம். நான் சாண் போட்டுப் பாத்தேன். ரங்கூன் படத்துல நம்ம வீட்டுலேருந்து ஜெட்டிக்கு அரைச் சாண்கூட இல்ல. தீவு நாலு சாண். எட்டு மடங்கு! விஞ்ச் ஷெட்ல எல்லார்கிட்டயும் சொன்னேன். என் பேச்சைக் கேட்டு இன்னும் எட்டு பேர் போட்டிருக்காங்க."

சோறு என் கையில் காய்ந்தது. அந்த இரண்டு படங்களின் அளவும் ஒன்றல்ல என்று எனக்குத் தெரியும். ரங்கூன் படமும் எங்கள் ஆபீசில் வரைந்ததுதான். அதுவும் காகிதம் நிறைய வரைந்தது. பெரிய ஊரையும் சின்ன தீவையும் ஒரே காகிதத்தில் நிறைத்தால் இரண்டும் ஒரே பருமனாகத் தெரியும். எங்களுக்கு அது பழகிப்போன விஷயம். முதலில் மூலையைப் பார்ப்போம், பிறகுதான் படத்தை. அத்தானுக்கு மூலையில் இருந்தது எறும்பு.

அப்போதே சொல்லியிருக்கலாம். எனக்கு முழுதாகத் தெரியாததைச் சொல்லிப் பழக்கமில்லை. படுத்துக்கொண்டு மனத்தில் எழுதினேன். தெரிந்தது: அளவு வேறு. தெரியாதது: தீவின் நீளம் எவ்வளவு, டாக்டர் அதில் எங்கே.

வெள்ளிக்கிழமை ஆபீசில் என் துணிப் பிரதியை எடுத்து, டிவைடரை அளவுகோலில் வைத்து விரித்துத் தீவின்மேல் நடத்தினேன். நீளம் ஒரு மைல். அகலம் மைலில் மூன்றில் ஒரு பங்கு.

நானே கட்டம் போட்ட படம்! ஒன்பது நாள் அதன்மேல் குனிந்து கிடந்திருக்கிறேன். ஒரு தடவைகூட இந்தக் கணக்கைப் போட்டுப் பார்க்கத் தோன்றவில்லை.

பிறகு பெட்டியிலிருந்து சமுத்திரப் படத்தை எடுத்து விரித்தேன். ஆப்பிரிக்காக் கரைக்குக் கிழக்கே சேஷல்ஸ் கூட்டம் இருந்தது. மலையுள்ள பெரிய தீவு, துறைமுகம், பெயர் எல்லாம் இருந்தன. வெள்ளரிக்காய்த் தீவைக் காணவில்லை. பூதக்கண்ணாடி வைத்துத் தேடி, தென்மேற்கே வெகுதூரம் தள்ளி, ஈ எச்சம் போல ஒரு புள்ளியில் கண்டுபிடித்தேன். எங்கள் தொழிலில் துணியில் அப்படி ஒரு புள்ளி விழுந்தால் சவரக் கத்தியால் மெல்லச் சுரண்டி, சாக்பீஸ் பொடி போட்டுத் தேய்த்துவிடுவோம். பழக்கத்தில் என் கட்டைவிரல் அதன் பக்கம் போயிற்று. பெரிய தீவிலிருந்து அந்தப் புள்ளிக்கு டிவைடரை நடத்தினேன். இருநூறு மைல்.

மாலுமிகளுக்கான ஒரு பழைய கையேடு ஆபீசில் உண்டு. அந்தப் புள்ளிக்கு அதில் ஏழெட்டு வரி. ஆறு இல்லை, கிணற்றுத் தண்ணீர் உப்புக் கரிக்கும், மழைத் தண்ணீரைத் தொட்டியில் பிடித்து வைப்பார்கள், காற்றுக் காலத்தில் படகு கரையேறுவது கடினம், தேங்காய்த் தோட்டத்து மானேஜர் வீடு ஒன்றும் கொட்டகைகளும் உண்டு, பெரிய தீவிலிருந்து பாய்க்கப்பல் இரண்டு மூன்று மாதத்துக்கு ஒருமுறை. ஆஸ்பத்திரி என்ற சொல் அந்த வரிகளில் இல்லை.

ஆக, தாளில் எழுதியிருந்த பூமி சரி. ஜனங்கள் சரி. அரசாங்கமும் சரி. அதெல்லாம் சேஷல்ஸுக்குச் சரி. அவற்றை வேறொரு தீவின்மேல் முத்து முத்தாக எழுதியவள் நான்.

சனிக்கிழமை அரை நாள். ரங்கூன் படத்தின் கெட்டுப்போன பிரதி ஒன்றை ஸயாவிடம் கேட்டு வாங்கிக்கொண்டேன். அதே அளவுக்குத் தீவைச் சின்னதாக்கித் துணியில் வெட்டினேன். ஆறு அங்குலம்; ஒரு வெண்டைக்காய் நீளம். வீட்டுக்கு வந்து தரையில் படத்தை விரித்து அதன்மேல் துணியை வைத்தேன்.

"இது என்ன?" என்றார் அத்தான்.

"தீவு. ரங்கூன் அளவுக்கு."

அவர் குனிந்து பார்த்தார். துணியின் ஒரு முனை லான்மடாவில் இருந்தது. மறு முனை சூலே பகோடாவைத் தாண்டிச் சற்றுத் தள்ளி. கீழே ஸ்டிராண்ட் ரோடு, மேலே ஃபிரேசர் தெரு. அவ்வளவுதான். அவர் தம் சாணை விரித்து வைத்தார். தீவு கைக்குள் அடங்கிப்போய் மீதி விரல் வெளியே நின்றது.

"இவ்ளோதானா?"

"இவ்ளோதான் அத்தான். மூலையில அளவு போட்டிருந்தேன். இங்கிலீஷ்ல போட்டிருந்தேன்."

அவர் முகம் சுருங்கியது. கத்துவார் என்று நினைத்தேன். துணியின்மேல் விரலை வைத்து, வீட்டிலிருந்து ஜெட்டி, ஜெட்டியிலிருந்து மார்க்கெட், மார்க்கெட்டிலிருந்து வீடு என்று ஓட்டிப் பார்த்தார். விரல் துணியை விட்டு வெளியே போகவில்லை.

"பதினோரு வருஷம்" என்றார். "நான் போய்வந்த இடமெல்லாம் இதுக்குள்ளயே இருக்கு. மிச்சம் கிடக்கு பாரு. என் தீவு இதைவிடச் சின்னதுதான்."

நான் நீளத்தைக் காட்டினால் போதும் என்று நினைத்து வந்திருந்தேன். நீளம் அவருக்குப் பொருட்டே இல்லை.

அக்கா தையல் மிஷினை நிறுத்திவிட்டு வந்தாள். கால் மடக்கி உட்கார முடியாமல் முட்டி போட்டு உட்கார்ந்தாள். "டாக்டர் எங்க இருக்காரு, அதைக் காட்டுடி."

நான் விரலால் துணியிலிருந்து ஒரு கோடு இழுத்துக்கொண்டு போனேன். படத்தின் ஓரம் வந்தது. தரை வந்தது. சுவர் வந்தது. மைலுக்கு ஆறு அங்குலம், இருநூறு மைலுக்கு நூறு அடி. எழுந்து ஜன்னலிடம் போனேன்.

"இந்த அளவுல டாக்டர் அங்க இருக்காரு" என்று கீழே காட்டினேன்.

அக்கா வந்து எட்டிப் பார்த்தாள். "அந்த லபெயே கடைக்கிட்டயா?" லபெயே என்றால் தேநீர். எதிர்ச்சாரியில், தெரு முனையில் அந்தக் கடை.

"அதுக்கும் கொஞ்சம் அந்தப் பக்கம். நடுவுல எல்லாம் கடல். பாய்க்கப்பல் மூணு மாசத்துக்கு ஒரு தரம்."

அக்கா அந்தக் கடையையே பார்த்துக்கொண்டு நின்றாள். ரிக்ஷா ஒன்று கடலைக் கடந்து போயிற்று. "எனக்குத் தேதி மாசியில" என்றாள், என்னிடமில்லை, அத்தானிடமும் இல்லை.

அத்தான் மறுபடி நடக்க ஆரம்பித்தார். "ஏஜெண்டு டாக்டர் இருக்காருன்னான். உன் படத்துலயும் இருக்கு. இப்ப நீயே இல்லங்கிற. நான் போய் அங்க என்னன்னு சொல்றது? கொழுந்தியா துணி வெட்டிக் காட்டினா, அதனால வரலன்னா? ஜெட்டி முழுக்கச் சிரிக்கும். என் பேச்சைக் கேட்டு எட்டு பேர் போட்டிருக்காங்க."

"நான் போய் ஏஜெண்டைக் கேக்கறேன்" என்றேன்.

"கேளு. அவரு வாயால சொல்லட்டும்."

அன்று சாயங்காலமே போனேன். ஏஜெண்டின் கடை கயிறும் அரிக்கன் விளக்கும் எனாமல் சட்டியும் விற்பது. அவர் மரியாதையானவர். ஸ்டூலைத் துடைத்துப் போட்டார்.

"வா தங்கச்சி. படம் எழுதின கையே வந்திருக்கு."

"ஒரு சந்தேகம். இந்தப் படத்துல டாக்டர் எந்த இடத்துல இருக்காரு?"

"அரசாங்கம்னு எழுதியிருக்கியே, அதுல."

"அது பெரிய தீவோட அரசாங்கம். இது பெரிய தீவு இல்லையே."

"ரெண்டும் ஒரே கொடிதானம்மா."

"இந்தத் தீவுல யாரு இருக்கா?"

"மானேஜர் துரை இருக்காரு. மருந்துப் பெட்டி அவர்கிட்ட. சண்டைன்னு போனா தீர்ப்பு அவரு. தபால் பை அவரு வீட்டுல. கடையும் அவரோடது. ஒரே ஆளுகிட்ட எல்லாம் இருந்தா அலைச்சல் இல்ல பாரு."

"அவரு மேலயே சண்டைன்னா?"

அவர் சிரித்தார். "நீ வக்கீலுக்குப் படிச்சிருக்கணும்."

"பிரசவம் ஆகணும்னா?"

"அங்க இருக்கிற பொம்பளைங்க பெத்துக்கலையா?" பிறகு படத்தைப் பார்த்துத் தலையை ஆட்டினார். "நான் ஒரு வார்த்தை பொய் சொல்லல தங்கச்சி. பென்சில்ல நாலு வரி கொடுத்தேன். அதைப் படமாக்கினது உன் கை."

வீட்டுக்குத் திரும்பும்போது சீனத் தெரு வழியாகப் போய், வழி தவறி, மறுபடி லான்மடாவுக்கே வந்துவிட்டேன். நான் வரைந்த ஊரில் நான் வழி தவறியது அந்த ஒரு முறைதான்.

ஏஜெண்டு சொன்னதை அக்காவிடமும் அத்தானிடமும் சொன்னேன். "அவரு என்கிட்ட அப்படிச் சொல்லல" என்றார் அத்தான். ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்கு வரவில்லை. அக்கா பெட்டியில் துணிகளை அடுக்கினாள். எடுத்தாள். மறுபடி அடுக்கினாள். அவளுக்குத் தெரிந்தது இவ்வளவுதான்: அவர் போனால் அவள் போக வேண்டும், பெயர் எழுதியாகிவிட்டது.

திங்கள்கிழமை காலை ஸயா வராந்தாவில் சுருட்டுக் குடித்துக்கொண்டிருந்தார். அவரிடம் பர்மிய மொழியில்தான் பேசுவேன். அவர் என்னைத் தமீ என்பார். மகள் என்று அர்த்தம். திட்டும்போதும் தமீதான்.

"ஸயா, வெளியே போன என் படத்தில் தவறு இருக்கிறது."

"கோடா, எழுத்தா?"

"கோடு சரி. எழுத்தும் சரி. தலைப்பு தவறு. தலைப்பு ஒரு நாட்டுக்கு, படம் வேறொரு தீவுக்கு. அளவுகோல் படிக்க முடியாதது."

"அளவுகோல் விதிப்படி இருக்கிறது, தமீ."

"இருக்கிறது. படிக்கிறவர்களுக்கு ஆங்கிலம் தெரியாது."

அவர் உள்ளே போய்த் தம் அட்டையின் முன் நின்றார். வேறு யாரோ எழுதியதைப் படிப்பவர்போல் மெதுவாகப் படித்தார். "தலைப்பு தவறென்றால் தவறுதான்" என்றார். "மூன்றாவது விதி. சிவப்பு மை எடு. நானும் வருகிறேன். உன்மேல் உள்ள அக்கறையால் இல்லை. ஆபீஸ் பெயர்."

நாங்கள் போனபோது ஜெட்டியில் ஆள் மாறும் நேரம். கடை முன்னால் பத்துப் பதினைந்து பேர் நின்றிருந்தார்கள். நான் ஸ்டூலை இழுத்துப் போட்டு ஏறினேன். ஏஜெண்டு வேறொருவருக்குக் கயிறு அளந்துகொண்டிருந்ததால் முதலில் கவனிக்கவில்லை.

தலைப்பின் குறுக்கே ஒரு கோடு இழுத்து, அந்தத் தீவின் சொந்தப் பெயரை எழுதினேன். மூலை அளவுகோலுக்கு மேல் தமிழில்: நீளம் ஒரு மைல். பிறகு தீவுக்குள் தெருக்களைப் போட்டேன். இடது முனையில் லான்மடா. வலது முனைக்கு அருகே சூலே பகோடா. நடுவே மொகல் தெரு. கீழ்க் கரையோரம் ஸ்டிராண்ட் ரோடு.

"டேய், நம்ம மொகல் தெருடா!" என்றார் ஒருவர்.

"தீவுல எப்படிடா மொகல் தெரு?"

"அட மூதேவி, அளவுக்குப் போடுறாங்க. தீவு இம்புட்டுத்தான்னு."

"அப்ப ரயிலடி?"

"கடல்ல போச்சு."

"மிங்கலா தாங்ஞுன்ட் பேட்டை?"

"மீனு தின்னுருச்சு."

"அப்ப உன் மாமியார் வீடு தண்ணிக்குள்ளயா? நான் இன்னிக்கே கையெழுத்துப் போடுறேன்!"

சிரிப்புச் சத்தத்தில் ஏஜெண்டு கயிற்றைப் போட்டுவிட்டு வந்தார். "என்ன பண்றே நீ? இது என் படம்!"

ஸயா அவரைப் பார்த்துத் தமக்குத் தெரிந்த கொஞ்சம் தமிழில் சொன்னார்: "படம் உன்து. தப்பு எங்கள்து. தப்பை எடுத்துக்கிட்டுப் போறோம்."

நான் ஓரத்தில், மூன்று விரல் வெற்றிடத்தில், கடைசி வரியை எழுதினேன். அரசாங்கம், கோர்ட்டு, டாக்டர்: இங்கிருந்து இருநூறு மைல். அம்புக்குறி போட்டேன். கையெழுத்து வைத்தேன்.

இறங்கித் திரும்பியபோது கூட்டத்தின் பின்னால் அத்தான் நின்றிருந்தார். எழுத்துக்கூட்டிப் படித்துக்கொண்டிருந்தார். யாரோ அவர் தோளில் தட்டி, "உன் கொழுந்தியாதானே? எட்டு மடங்குன்னியே மச்சான், எட்டு மடங்கு!" என்றார். எல்லாரும் மறுபடி சிரித்தார்கள். அத்தான் என்னைப் பார்க்காமல் போய்விட்டார்.

நான் அவரிடம் முதல் நாளே, வீட்டுக்குள், வாயால் சொல்லியிருந்தால் இந்தச் சிரிப்பு அவருக்கு வந்திருக்காது. அதை எந்த மையிலும் திருத்த முடியவில்லை.

செவ்வாய்க்கிழமை மத்தியானம் அத்தான் எங்கேயோ போய்விட்டு வந்து ஒரு தாளை மிஷின்மேல் வைத்தார். ஒப்பந்தத் தாள். அக்காவின் பெயருக்குக் குறுக்கே கோடு. பக்கத்தில் ஏஜெண்டின் கையெழுத்து.

"சிவப்பு மை கேட்டேன். இல்லன்னுட்டான்" என்றார். கோடு கறுப்பாக இருந்தது.

அக்கா அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "உங்க பேரு அப்படியே இருக்கே."

"இருக்கட்டும்."

"ஏன்?"

அவர் நின்றார். அந்த வாரத்தில் வீட்டுக்குள் முதல்முறையாக ஓரிடத்தில் நின்றார். "தெரியல. போகலன்னா சிரிப்பாங்கன்னு நெனச்சேன். எப்படியும் சிரிச்சுட்டாங்க. அதனால அதுக்காக இல்ல. அந்த விஞ்ச் லீவரைப் பிடிச்சா எனக்குக் கை அரிக்குது. வேற ஒரு மைலைப் பாத்துட்டு வர்றேன். உன்னை டாக்டர் இல்லாத எடத்துக்குக் கூட்டிட்டுப் போகமாட்டேன். போதுமா?"

"போதாது" என்றாள் அக்கா. ஆனால் அவருடைய சட்டைகளை அன்றைக்கே இஸ்திரி போட்டாள்.

கையெழுத்துப் போட்ட ஒன்பது பேரில் ஐந்து பேர் பின்வாங்கினார்கள். நாலு பேர் போனார்கள். புதன்கிழமை ஜெட்டியில் அத்தானுடைய விஞ்சை வேறொருவர் ஓட்டினார். கப்பல் நகரும்போதும் அத்தான் எங்களைப் பார்க்காமல், அந்த ஆள் சங்கிலியை எவ்வளவு தளர விடுகிறார் என்பதையே பார்த்துக்கொண்டிருந்தார். கடைசியில் என்னைப் பார்த்துச் சாணை விரித்துக் காட்டினார். கோபமா, வேடிக்கையா என்று இன்றுவரை தெரியவில்லை.

அது நடந்து ஒன்றரை வருஷமாகிறது. அவரிடமிருந்து இரண்டு கடிதம் வந்திருக்கிறது. முதல் கடிதத்தை என் படத்தைப் போலவே மூன்று தலைப்பில் எழுதியிருந்தார். பூமி: சுற்றிவர ஒரு மணி நேரம், நான் தினம் இரண்டு தரம் சுற்றுகிறேன். ஜனங்கள்: பாஷை புரியவில்லை, மீன் கொடுக்கிறார்கள், ராத்திரி பாடுகிறார்கள். அரசாங்கம்: மானேஜர் துரைக்குப் பத்து நாளாகப் பல்வலி, அவருக்கும் டாக்டர் இல்லை. இரண்டாவது கடிதத்தில், கப்பல் வந்ததும் பெரிய தீவுக்குப் போய்ப் பார்க்கலாமென்று இருப்பதாக எழுதியிருந்தார். ஊருக்கு வருவதைப் பற்றி இரண்டிலும் இல்லை.

அக்கா அவற்றைச் சத்தமாகப் படித்துக் குழந்தைக்குச் சொல்கிறாள். குழந்தை மாசியில் பிறந்தது; நாற்பது மணி நேரம் ஆயிற்று; மிஷன் ஆஸ்பத்திரியில் இரண்டு டாக்டர்கள் கூட இருந்தார்கள். அந்த நாற்பது மணி நேரமும் நான் வராந்தாவில் நடந்தேன். ஒரு முனையிலிருந்து மறு முனைக்கு இருபத்தாறு அடி.

சமுத்திரப் படம் மேசைக்கு வரும்போதெல்லாம் நான் அந்தப் புள்ளியைத் தேடுகிறேன். பிறகு அதற்கு அப்பாலுள்ள மற்றப் புள்ளிகளையும். பெயரில்லாதவை நிறைய இருக்கின்றன. அவற்றில் ஒன்றிலாவது இறங்கி, கையில் அளவுச் சங்கிலியோடு சுற்றளவை நானே அளக்க வேண்டும் என்று தோன்றுகிறது. அக்காவிடம் இதைச் சொல்லவில்லை.

இப்போதைய நிலை இது. ஒப்பந்தம் முடிய ஐந்து மாதம் இருக்கிறது. அத்தான் தீவில் இருக்கிறார், அல்லது பெரிய தீவில். அக்காவும் குழந்தையும் நானும் மிங்கலா தாங்ஞுன்டில் ரயில் பாதைக்குப் பின்னால் வாடகை குறைந்த ஓர் அறையில் இருக்கிறோம். ஸயாவின் அட்டையில் இரண்டாவது விதி மாறவில்லை. ஆங்கில அளவுகோலுக்குக் கீழே நான் தமிழிலும் எழுதுகிறேன், அவர் பார்த்துவிட்டு அப்படியே வெளியே அனுப்புகிறார். பாய்க்கப்பல் போன மாதம் வந்திருக்க வேண்டும். கடிதம் வரவில்லை.